ஊதா ஒதுங்கும் பக்கம்

செத்துப்போன செல்கள் இடம் மாறியிருந்தன.

எலியின் தோல் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்து ஆய்வகத்தில் வளர்த்தவை. மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா சுரக்கும் ஊதா நிறமியை நான்கு நாட்களுக்கு முன் அந்த ஆராய்ச்சி மாணவி அவற்றின் மேல் விட்டிருந்தாள். எல்லாம் செத்து, சாயமேறி, தட்டு முழுக்கச் சிதறிக் கிடந்தன. நேற்று எண்ணியபோதும் அப்படித்தான். இன்றோ ஒன்றுவிடாமல் அவள் உட்கார்ந்திருந்த பக்கத்து விளிம்பில் அப்பிக்கொண்டிருந்தன.

தட்டைத் திருப்பி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம், கட்டடத்தில் வேறு யாருமில்லை. செல் வளர்க்கும் பெட்டி மட்டும் முதுகுக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருக்க, அதன் கதவிடுக்கிலிருந்து வெதுவெதுப்பாக, பால் திரிந்த மாதிரி ஒரு வாடை கசிந்துகொண்டே இருந்தது. பத்து நிமிடம் கழித்து நுண்ணோக்கியில் கண் வைத்தாள். மறுபடி அவள் பக்கம்.

பேராசிரியைக்கு போன் போட்டாள்.

“செத்தது எப்படிம்மா நகரும்? மேசை சாஞ்சிருக்கும்.”

“மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தும் பார்த்துட்டேன் மேடம். அங்கயும் வருது.”

“எதையும் தொடாதே. பூட்டிட்டுக் கிளம்பு. நான் வரேன்.”

கிளம்புவதாவது! இந்த நிறமியைக் கட்டிக்கொண்டு அழுததற்கு ‘ஊதாக்காரி’ என்று பேர் வாங்கியவள். அக்காவின் முதுகில் அதே நோய் பரவிக்கொண்டிருந்தது. “உன் மருந்து எப்ப வரும்டி?” என்று அக்கா வாராவாரம் கேட்பாள். பயந்து ஓடுகிறவள் என்றால் எப்போதோ ஓடியிருப்பாள்.

“என்கிட்டயேவா?” என்றாள் தட்டைப் பார்த்து.

மூடியைத் திறந்தாள். ப்ளீச்சை ஊற்றினாள். நுரைத்தது. நுண்ணோக்கியில் பார்க்கக் கழற்றிய பாதுகாப்புக் கண்ணாடியை மாட்ட மறந்திருந்தாள். ஒரு துளி தெறித்து இடது கண்ணில் விழுந்தது.

குழாயடியில் கால் மணி நேரம் கழுவினாள். எரிச்சல் அடங்கியது. திரும்பி வந்து பார்த்தால் தட்டில் ஊதா இல்லை. ஒரு புள்ளிகூட இல்லை. ஜெயித்தாயிற்று.

கதவு திறந்தது. பேராசிரியை வாசலிலேயே நின்றுவிட்டார்.

“கண்ணுல என்ன?”

செல்போனைத் தூக்கி முகம் பார்த்தாள். வெள்ளை விழியில் பொடிப்பொடியாக ஊதா. எல்லாம் ஒரே ஓரத்தில். கதவுப் பக்கம்.

பேராசிரியை இடப்புறம் நகர்ந்தார். ஊதாவும் நகர்ந்தது.

“ஓடாதீங்க மேடம்.” அவள் குரல் நடுங்கவில்லை. “நோட்டை எடுங்க. நான் பார்த்துப் பார்த்துச் சொல்றேன். எழுதிக்குங்க.”

அவர் அசையவில்லை.

இமையைத் தாண்டி, கன்னத்தில் முதல் பொடி இறங்கியது. அவரை நோக்கி.