வெறுந்தட்டு அனுப்பாதவள்

தட்டு சூடாக இருந்தது. அதிலிருந்த சாப்பாடுதான் கெட்டுப்போயிருந்தது.

ஹனாதி அதைக் கதவோரத்திலிருந்து எடுத்து வந்து சமையல் மேடையில் வைத்துப் பார்த்தாள். அரிசியும் கறியும் அடைத்த குட்டிச் சுரைக்காய்கள், வரிசையாக, மேலே புதினா. காய்களின் மேல் பூனைமுடி போல் சாம்பல் நிறப் பூசணம் படர்ந்திருந்தது. அடியில் தேங்கிய நீர் கரண்டியோடு நூலாக இழுத்தது. வாடை அறையை நிறைத்தது. அப்படியும் தட்டின் அடிப்பக்கம் அவள் விரலைச் சுட்டது.

கீழ்வீட்டுக் கிழவி உம் கைஸ் அனுப்பியிருப்பாள், எழுபது வயதில் கண் மங்கிப் பழையதைப் புதியதென்று நினைத்திருப்பாள் என்று சமாதானம் செய்துகொண்டாள். கொட்டிவிட்டு, மூன்று முறை கழுவி, நான்கு ஆரஞ்சுப் பழம் வைத்துக் கீழ்வாசலில் வைத்துவிட்டு வந்தாள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்புகிற வீடு அம்மான் நகரத்தில் கிடையாது. திருப்பினால் செத்துப்போன தாய்கூட எழுந்து வந்து திட்டுவாள்.

அதற்கு இரண்டு நாள் முன்புதான் அவள் தன் இணையப் பக்கத்தை மூடியிருந்தாள். ஏழு வருஷம், மூன்று லட்சம் பேர் பார்த்த பக்கம். ஹனாதி சமைப்பாள், மகள் தீமா சாப்பிடுவாள், ஊர் பார்க்கும். ஒருநாள் கடையில் முன்பின் தெரியாத ஒருத்தி தீமாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, கன்னத்தைக் கிள்ளி, "படத்துல பாக்குறதைவிட நேர்ல பதமா இருக்காளே" என்று கிள்ளிய விரலை முகர்ந்து பார்த்தாள். ஹனாதிக்கு உடம்பெல்லாம் கூசியது. என் பிள்ளையை நானே அல்லவா இவள் வாய்வரை கொண்டுபோனேன் என்று தன்மேலேயே அருவருப்பு வந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னாள். முப்பது நாள் பொறுங்கள், முப்பதாம் நாள் துடைத்துவிடுகிறோம் என்று பதில் வந்தது.

பார்க்க ஆளில்லாத வீடு எப்படியிருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது. ஏழு வருஷமாக அவள் துடைத்ததெல்லாம் படத்தில் விழுகிற இரண்டு முழ மேடையை மட்டும். பாத்திரத் தொட்டிக்கு அடியில் விரல் கனத்துக்குக் கொழுப்பு. ஃபிரிட்ஜின் ரப்பர் மடிப்பில் கறுப்பு. வாரம் ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரை நம்பிக் கிடந்த துணி மூட்டை. புருஷன் குவைத்தில், குடும்பத் தலைவன் என்பது போனில்தான். கொண்டையில் தாழம்பூவாம், உள்ளே ஈரும் பேனும். அவளே கையுறை மாட்டிச் சுரண்டினாள், பள்ளிக்கூட வண்டிக்கு ஓடினாள், கேஸ் சிலிண்டருக்குக் காத்திருந்தாள். தீமாவுக்குக் கொடுக்கும் முட்டையைப் படமெடுக்காமல் கொடுத்தாள்.

தட்டுகள் வந்துகொண்டே இருந்தன. ஒருநாள் மீன், கண் இருந்த இடத்தில் ஏதோ நெளிந்தது. ஒருநாள் கீரைக் குழம்பு, சளிபோல. கொட்டினாள், கழுவினாள், பேரீச்சம்பழமோ பிஸ்கட்டோ வைத்துக் கீழே வைத்தாள். மறுநாள் அந்த இடம் காலியாக இருக்கும்.

இருபதாம் நாள் படிக்கட்டில் உம் கைஸ் கைப்பையோடு மூச்சு வாங்க ஏறி வந்தாள்.

"சித்தி, கோவிச்சுக்காதீங்க. இனிமே எனக்குச் சாப்பாடு அனுப்ப வேணாம்."

"நான் எங்கடி அனுப்பினேன்? மூணு வாரமா இர்பித்ல மக வீட்டுல கெடந்துட்டு இப்பத்தான் வரேன். ஊருக்கே சமைச்சுக் காட்டின மகராசி, உனக்கு நான் அனுப்பணுமாக்கும்!"

"அப்ப நான் வச்ச பழமெல்லாம்?"

"பழமா? என் வாசல்ல தூசிதான் இருக்கு. வந்து பெருக்கிட்டுப் போ."

அன்றைய தட்டை ஹனாதி கொட்டவில்லை. மூக்கைப் பொத்திக்கொண்டு உற்றுப் பார்த்தாள். நீல விளிம்புத் தட்டு. போன வருஷம் தீமா கைதவறி உடைத்த அதே தட்டு. நட்சத்திரமாக வெட்டிய எலுமிச்சை. மூன்று மாதுளை முத்து. அவளுடைய கைவேலை. படம் எடுத்து முடித்ததும் ஒரு வாய்கூடத் தின்னாமல் குப்பையில் போட்ட நோன்புக்கால விருந்து.

பார்த்தவர்கள் கண்ணால் தின்ற மிச்சம் திரும்பி வந்துகொண்டிருந்தது. அவளோ பதில் தட்டு வைத்து உறவு கொண்டாடியிருக்கிறாள்.

அதன்பின் அவள் எதையும் வைக்கவில்லை. தட்டுகள் நிற்கவில்லை. காலையில் பத்து, மாலையில் இருபது. தீமாவின் ஆறாவது பிறந்தநாள் கேக் வந்தது, ஈ மொய்க்க. பிறகு ஐந்தாவது. நான்காவது. இருபத்தொன்பதாம் நாள் சாயங்காலம், முதல் பல் முளைத்ததற்கு அவித்த கோதுமை, புளித்து நுரைத்து.

அதற்கு முந்தியது எது?

நினைவு வந்தது. முதல் படம். நாற்பது நாள் குழந்தையை வெள்ளைத் துணியில் சுற்றி, மன்ஸஃப் என்னும் தயிரில் வெந்த ஆட்டுக்கறிச் சோறு பரிமாறும் பெரிய தாம்பாளத்தின் நடுவில் படுக்க வைத்து, சுற்றிலும் பாதாமும் கொத்தமல்லியும் தூவி எடுத்த படம்.

முப்பதாம் நாள் தீமாவைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. கதவுக்குக் குறுக்கே சோபாவைத் தள்ளினாள். படுக்கையறையில் மகள் கையைப் பிடித்தபடியே இருந்தாள்.

"கை வலிக்குதும்மா."

"வலிக்கட்டும்."

பொழுது சாயும் நேரம் கதவுக்கு அடியிலிருந்து வாசம் வந்தது. அழுகல் இல்லை. உருகிய நெய், வெந்த ஆட்டிறைச்சி, கொதிக்கும் தயிர். ஒரு மாதத்தில் முதல்முறையாக நல்ல வாசம். அவள் வாயில் எச்சில் ஊறியது. வயிறு உறுமியது. தன் பசியே அவளுக்குக் குமட்டியது. குளியலறைக்கு ஓடிக் குனிந்தாள். ஒரு நிமிஷம். அவ்வளவுதான்.

திரும்பினாள். கட்டில் காலி.

சோபா நகர்ந்திருந்தது. கதவு திறந்திருந்தது.

"தீமா?"

இருட்டு. நெய் வாசம். சுவரைத் தடவிப் படிக்கட்டு விளக்கை அழுத்தினாள்.

தாம்பாளம். ஆவி பறக்கும் சோறு. பாதாம், கொத்தமல்லி. நடுவில் தீமா, கழுத்துவரை மெல்லிய ரொட்டியால் போர்த்தப்பட்டு. முகவாயைத் தூக்கி, ஓட்டைப்பல் தெரியச் சிரித்தாள்.

"அசையாம இருக்கேம்மா. சீக்கிரம் எடுங்க."

சுற்றிலும் ஆட்கள். படிக்கு மூன்று பேராக, வளைவுக்குக் கீழேயும் மேலேயும். யாரையும் அவளுக்குத் தெரியாது. மன்ஸஃப் சாப்பிட நிற்கும் முறைப்படி இடது கைகள் முதுகுக்குப் பின்னால். வலது கைகள், முழங்கைவரை சுருட்டிய சட்டையோடு, சோற்றில் இறங்கின.