கருமலை பங்களாவில் இன்னொரு பெட்டி

"இதுக்கு மேல வண்டி ஏறாது, அண்ணாச்சி. இறங்கி நடக்க வேண்டியதுதான்!" என்றார் ஜீப் டிரைவர் சுடலைமுத்து.

மழை விடவில்லை. ரேடியோ மெக்கானிக் இருதயராஜ் கருவிப் பையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு சேற்றில் குதித்தான். பின்னால் தொப்பி, திசைகாட்டி, பைனாகுலர் சகிதம் கேப்டன் குணசீலன் இறங்கினார். ராணுவத்துக்கும் அவருக்கும் சம்பந்தமில்லை. பத்திரப் பதிவு அலுவலகத்தில் ஓய்வு பெற்றவர். பழைய ரேடியோ ரசிகர் பேரவைக்குத் தலைவரான அன்று தாமே தமக்குக் கேப்டன் பட்டம் கொடுத்துக்கொண்டார்.

பயணத்துக்குக் காரணமும் அவர்தான். எஸ்தர் டீச்சர் பழுதுபார்க்கக் கொடுத்திருந்த வால்வு ரேடியோவை, கடையிலிருந்து இருதயராஜ் டீ குடிக்கப் போன நேரம், பேரவை விருந்தினர்கள் முன்னால் பிளக்கில் சொருகிவிட்டார். இருபது வருடம் தூங்கிய பெட்டி! பழைய கன்டென்சர்களை மாற்றாமல் கரண்ட் கொடுக்கலாமா? புகை கிளம்பியது. ஸ்பீக்கருக்குப் பாட்டை அனுப்பும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் கருகிப்போனது. விருந்தினர்கள் கைதட்டினார்கள்.

ஞாயிறு காலை டீச்சர் வீட்டைப் பூட்டிக்கொண்டு மகளோடு மும்பைக்கே போகிறார். பார்வை மங்கிவிட்டது. "போறதுக்கு முந்தி இந்த வீட்ல ஒரு மட்டம் அது பாடக் கேட்டுட்டாப் போதும், ராஜா" என்றிருந்தார். இருதயராஜ் வாக்குக் கொடுத்திருந்தான். இன்று வெள்ளி. அந்த டிரான்ஸ்பார்மர் கடைகளில் கிடைக்கவில்லை. மூடிக் கிடக்கும் கருமலை எஸ்டேட் பங்களாவில் அதே மாடல் பெட்டி இருப்பதாகக் கேப்டனுக்குத் தகவல்.

தொழிலாளர்கள் காலி செய்துபோன, கதவில்லாத லயன் வீடுகள் மழையில் வரிசையாக நின்றன. கால் முழுக்க அட்டைகள்.

"யானை லத்தி! இன்னும் ஆவி பறக்கு!" என்றார் சுடலைமுத்து.

"அஞ்ச வேண்டாம்! என் பின்னால் வாருங்கள்!" என்று முழங்கிய கேப்டன், இருவருக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டார்.

பங்களாவில் பெட்டி இருந்தது! கேப்டன் செல்போனில் வீடியோவை ஓடவிட்டு, "வரலாற்றுத் தருணம்!" என்று தொடங்கினார். இருதயராஜ் பின்பலகையைக் கழற்றினான். கருகல் வாடை. அதே டிரான்ஸ்பார்மர், அதே கரி.

"இதுவும் அதே நோவுலதான் செத்திருக்கு."

"இங்கயும் ஒரு கேப்டன் இருந்திருப்பாரு போல" என்றார் சுடலைமுத்து.

இருதயராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். டீச்சரிடம் என்ன சொல்வது? உடைந்த ஜன்னலுக்கு வெளியே தேயிலை ஃபேக்டரியின் கம்பம் தெரிந்தது. உச்சியில் ஹாரன் ஸ்பீக்கர். சட்டென எழுந்தான்.

"சார்! அந்தக் குழாய்க்கு அடியில லைன் டிரான்ஸ்பார்மர் இருக்கும். நம்ம வால்வுக்கு ஒத்துப்போகும்!"

"கூலிக்காரர்களைக் கூப்பிட்ட குழாயின் சாமானா? டீச்சர் ரேடியோ பாரம்பரியச் சின்னமப்பா!"

இருதயராஜ் ஏற்கெனவே பாதிக் கம்பம் ஏறியிருந்தான். துருப்பிடித்த கம்பம் ஆடியது. கீழே புதர் முறிந்தது.

"கொம்பன்! இறங்கிராதீங்க, அண்ணாச்சி!" என்று கத்திவிட்டு சுடலைமுத்து ஃபேக்டரிக்குள் பாய்ந்தார்.

யானை கம்பத்தில் முதுகைத் தேய்த்தது. இருதயராஜ் ஒரு கையால் கம்பத்தை அணைத்து, மறு கையால் திருகாணிகளைக் கழற்றினான். ஒரு திருகாணி யானையின் முதுகில் விழுந்தது. அது நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஆடி அசைந்து போனது. டிரான்ஸ்பார்மரைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு சறுக்கினான்!

கேப்டன் பங்களாவின் குளியலறையைத் தாழிட்டு, உள்ளிருந்து உத்தரவுகள் பிறப்பித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த தடவை அதே பெட்டியத் தேட வேண்டாம், சார்" என்றான் இருதயராஜ் திரும்பும் வழியில். "அந்த வேலையச் செய்யுற சாமான் எதுல இருக்குன்னு தேடுவோம்."

ஞாயிறு காலை. பெட்டி படுக்கைகள் கட்டியாயிற்று. சாமான் இல்லாத கூடத்தில் ரேடியோ மெல்ல முனகி, கரகரத்து, பாடியது! டீச்சர் ஸ்பீக்கர் துணியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்.

கேப்டன் தொண்டையைக் கனைத்தார். "டீச்சர், மரணத்தின் வாசலில் அஞ்சாமல் நின்று நாங்கள்..."

"செத்த நேரம் பேசாம இருங்க, சார். கேக்கணும்லா?" என்றார் டீச்சர்.

கேப்டன் தொப்பியைக் கழற்றினார். வெளியே கார் ஹாரன் ஒலித்தது. யாரும் எழவில்லை.