டிரம் நிறையும் வரை ஒரு பாட்டு

2024 மே மாதக் கடைசியில், தாராவியின் ஒரு சந்தில் மூன்று வீடுகளுக்குப் பொதுவான குழாயில் காலையில் மட்டும் தண்ணீர் வந்தது. ஒரு வீடு டிரம்மை நிரப்பியதும் அடுத்த வீடு தன் பிளாஸ்டிக் பைப்பைக் குழாயில் மாட்டும்.

குழாய்க்கு எதிரே சுனிதாவின் வீடு. வாசல் ஆணியில் சின்ன ஸ்பீக்கர் ஒன்று தொங்கும். தண்ணீர் வரும் நேரத்தில் அதில் பாட்டு ஓடும். யார் கேட்கும் பாட்டு என்பதில்தான் தகராறு.

“லதாஜி போடு பேட்டா!” என்றார் பக்கத்து வீட்டு ஜுவைரியா.

“காலங்காத்தால சுசீலாம்மா குரலைக் கேட்டாத்தான் எனக்குக் கையே ஓடும்,” என்றார் சுனிதாவின் அம்மா ஏஞ்சலம்மாள்.

“ரெண்டும் பழசு. ஷ்ரேயா கோஷல்தான்!” என்றான் அண்ணன் ஸ்டெர்லின். போன் அவன் கையில் இருந்தது.

ஆறாம் வகுப்புக்குப் போகவிருந்த சுனிதாவுக்குப் பிடித்தவர் சித்ரா. அதைச் சொல்ல அவளுக்கு இடைவெளியே கிடைக்கவில்லை.

இந்தக் கூச்சலில் டிரம்மை யாரும் பார்க்கவில்லை. ஜுவைரியாவின் பைப் நழுவி, தண்ணீர் சாக்கடையில் ஓடிக்கொண்டிருந்தது.

“அரே, பானி! பானி!” என்று வீணாகும் தண்ணீரைக் காட்டிக் கத்தினார் ஜுவைரியா.

ஏஞ்சலம்மாள் விறுவிறுவென்று வந்து ஸ்பீக்கரைக் கழற்றினார். “பாட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். இனி இது பரண்லயே கெடக்கட்டும்.”

சுனிதா அம்மாவின் கையைப் பிடித்தாள். பாட்டு இல்லாவிட்டால் தண்ணீர் வரிசையில் மிச்சமிருப்பது கொட்டாவியும் கொசுவும்தான்.

“அம்மா, தண்ணிக்கு வரிசை இருக்குல்லா? பாட்டுக்கும் அதையே வச்சா என்ன?” என்றாள். “யாரு டிரம்ல தண்ணி விழுதோ, அவிய கேக்குற பாட்டு. டிரம் நெறஞ்சதும் பாட்டை நிறுத்திரணும்.”

ஏஞ்சலம்மாள் யோசித்தார். “நம்ம வீட்டுல மூணு பேரு இருக்கோமே?”

“நாளைக்கு ஒங்க பாட்டு, மறுநாள் அண்ணன் பாட்டு, அதுக்கு அடுத்த நாள் என் பாட்டு.”

“சரி. ஆனா சண்டைச் சத்தம் கேட்டுச்சோ, நேரா பரண்தான்.”

மறுநாள் ஸ்பீக்கர் மறுபடி ஆணியில் ஏறியது. முதலில் லதா பாடினார். டிரம் நிறைந்ததும் ஜுவைரியாவே, “பஸ், பஸ்! போதும்!” என்று பைப்பை எடுத்தார். ஒரு சொட்டு சிந்தவில்லை. அடுத்து சுசீலா. ஏஞ்சலம்மாளின் கை நன்றாகவே ஓடியது.

இரண்டாம் நாள் ஸ்டெர்லின் இருப்பதிலேயே நீளமான பாட்டாகத் தேடிப் போட்டான்.

“ஏலே, பாட்டு நீண்டா தண்ணியும் நீளுமோ?” என்று அம்மா கேட்டார். டிரம் நிறைந்ததும் சுனிதா பாட்டை நிறுத்தினாள். ஸ்டெர்லின் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டான்.

மூன்றாம் நாள் சுனிதாவின் முறை. எந்தப் பாட்டு என்று முந்தின நாளே முடிவு செய்து வைத்திருந்தாள். ஜுவைரியாவின் டிரம் நிறைந்த நேரத்தில், அதுவரை காலியாகக் கிடந்த மூன்றாவது வீட்டிலிருந்து ஒரு புது முகம் வந்தது. மும்பையிலேயே ஆண்டாப் ஹில் பகுதியிலிருந்து குடிவந்த சைனப். தையல் பட்டறையில் வேலை. கையில் இரண்டு குடங்கள் மட்டும்.

“புதுசா வந்திருக்க, நீ முதல்ல புடிம்மா,” என்றார் ஏஞ்சலம்மாள்.

சுனிதா சந்தின் சட்டத்தை விளக்கினாள். “ஒங்களுக்கு யாரு பாட்டு வேணும்க்கா?”

“பாடுனவங்க பேரும் தெரியாது, முதல் அடியும் தெரியாது,” என்றார் சைனப். “பட்டறை ரேடியோல கேட்டது. மெஷின் சத்தத்துல ஒரு நாளும் முழுசாக் கேட்டதில்ல.” தயங்கித் தயங்கி மெட்டை மட்டும் முனகிக் காட்டினார்.

“இது வாணி ஜெயராமுல்லா!” என்றார் ஏஞ்சலம்மாள்.

“வாணிஜியா? ஹிந்தியிலும் பாடியிருக்காங்க. எங்க ஆளு!” என்றார் ஜுவைரியா.

“இல்ல, எங்க ஆளு!” என்றார் ஏஞ்சலம்மாள்.

சுனிதா பரணைக் கைகாட்டினாள். இருவரும் கப்பென்று வாயை மூடிக்கொண்டார்கள்.

ஸ்டெர்லின் பாட்டைத் தேடிப் போட்டான். சைனப் ஒரு கையால் ஜுவைரியா கொடுத்த பைப்பைப் பிடித்தபடி அசையாமல் நின்று கேட்டார். ஆனால் குடங்கள் சீக்கிரம் நிறைந்துவிட்டன. பாட்டு பாதியில்தான் இருந்தது.

“நிறுத்திரவா?” என்று ஸ்டெர்லின் கேட்டான்.

“நிறுத்துங்க தம்பி. சட்டம்னா சட்டந்தானே,” என்று சைனப் சிரித்தார். குடத்தைத் தூக்கினார். ஆனால் கால் நகரவில்லை.

சுனிதா தன் வீட்டுப் பைப்பைக் குழாயில் மாட்டி, மறுமுனையை டிரம்முக்குள் விட்டாள்.

“எங்க டிரம்முக்கும் இதே பாட்டு ஓடட்டும்.”

“ஏட்டி, ஒன் சித்ரா?” என்றார் அம்மா.

“இப்ப தண்ணி நம்ம டிரம்லதானே விழுது? நான் கேக்குறது இதுதான்.”

சைனப் குடத்தைக் கீழே வைத்தார். பாட்டு முழுதாக ஓடி முடிந்தது. அவர் எட்டி டிரம்முக்குள் பார்த்தார்.

“இன்னும் கால் டிரம் பாக்கி இருக்கேம்மா,” என்றார்.

மீதிக் கால் டிரம்முக்குச் சித்ரா பாடினார். ஸ்பீக்கர் ஆணியிலேயே தொங்கியது.