சாட்சிக்கு நின்றவள்

மழைக்கு முந்தைய புழுக்கத்தில், எலும்பு முறிவு வார்டின் கதவைத் தோளால் தள்ளித் திறந்தாள் அவள். கை படாமல் கதவு திறக்கும் அந்தப் பழக்கம் மட்டும் உடம்பில் அப்படியே இருந்தது. பினாயில், ஈரத் துடைப்பம், யாரோ பாதி உரித்து வைத்த ஆரஞ்சு என்று வார்டின் வாசனையும் மாறவில்லை. மாறியது நீதான் என்று எல்லோருடைய கண்களும் சொல்லின.

"வந்துட்டியா! கொஞ்சம் சதை போட்டிருக்கே, நல்லாத்தான் இருக்கு" என்று ஓடி வந்து கட்டிக்கொண்டாள் குருவி. அவளோடு நர்சிங் படித்தவள். ஆள் சிறிது, வாய் ஓயாது. அதனால்தான் அந்தப் பெயர்.

ஹெட் சிஸ்டர் கட்டிக்கொள்ளவில்லை. நின்றபடியே சொன்னார்.

"வலி ஊசிப் பக்கம் நீ போகக் கூடாது. அலமாரிச் சாவி உன் கைக்கு வராது. உன் பேஷண்டுக்கு வலின்னா குருவியைக் கூப்பிடு. ஒரே ஒரு தப்பு நடந்தாலும் என்னால உன்னைக் காப்பாத்த முடியாது. புரியுதாம்மா?"

"புரியுது சிஸ்டர்."

முதுகுவலிக்கென்று ஆரம்பித்த ஊசி, அவளை முழுசாக விழுங்கி, சிகிச்சை இல்லத்தின் வாசலில் துப்பிவிட்டுப் போயிருந்தது. இப்போது அக்கா வீட்டில் ஒரு சின்ன அறை அவளுக்கு. மகள் மட்டும் அக்காவின் அறையில், அக்காவை ஒட்டிக்கொண்டு படுப்பாள். அந்த ஏற்பாட்டை யாரும் வாய்விட்டுப் பேசியதில்லை. இன்று காலையில்தான் அக்கா பேசினாள், அடுப்பைப் பார்த்தபடியே.

"இன்னிக்கு ட்யூட்டியை நல்லபடியா முடிச்சுட்டு வா. பாப்பா இனிமே உன் பக்கத்துல படுக்கட்டும்."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பஸ் ஏறியிருந்தாள்.

மதியம் முழுக்க அவளால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. விரித்த படுக்கையையே மறுபடி விரித்தாள். காலியான தண்ணீர் ஜாடிகளை நிரப்பினாள். நிரம்பியதையும் எடுத்துப் பார்த்து வைத்தாள். தொடை எலும்பு உடைந்து படுத்திருந்த பழைய பஸ் டிரைவர், தலையணையிலிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, கொஞ்சம் பிரேக் போடேன். உன்னைப் பாத்தா எனக்கு மூச்சு வாங்குது."

"உங்களுக்கு வலி எப்படிங்கய்யா இருக்கு?"

"வலி கிடக்கட்டும். பஸ்ஸுல ஒருத்தர் மேல இடிச்சதில்ல நான். கடைசில வீட்டு பாத்ரூம்ல வழுக்கி விழுந்தேன். வெளிய சொல்லிடாதே தாயி, மானம் போயிடும்."

அவள் சிரித்தாள். உண்மையாகவே சிரிப்பு வந்தது.

அப்புறம் மழை பிடித்தது. ஜன்னல்கள் இருண்டன. பகலிலேயே விளக்குகளைப் போட வேண்டியதாயிற்று. டிரைவரின் வேடிக்கைப் பேச்சு நின்று, பற்களுக்கு நடுவே முனகல் மட்டும் வந்தபோது அவள் குருவியைக் கூப்பிட்டாள்.

அவருடைய வயதுக்குக் குப்பியில் பாதி மருந்துதான். மீதிப் பாதியை, இரண்டு நர்சுகள் சேர்ந்து நின்று பார்க்க, தொட்டியில் ஊற்றிவிட வேண்டும். அதுதான் விதி. குருவி ஊசி போட்டாள். மீதி இருந்த குப்பியை மருந்து அறைத் தட்டில் வைத்துவிட்டு, சாட்சிக்கு ஹெட் சிஸ்டரைக் கூப்பிடத் திரும்பினாள்.

வார்டின் மறுகோடியில் யாரோ கட்டிலிலிருந்து தடாலென்று விழும் சத்தம். கூடவே ஓர் அலறல்.

"ஐயோ! நீ வாசல்லயே நில்லு. யாரையும் உள்ள விடாதே, நீயும் போகாதே. இதோ வந்துட்டேன்!" என்று குருவி பறந்தாள்.

அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. அவள் அறைக்கு முதுகைக் காட்டி நின்றாள். தோலுக்கு அடியில் எறும்புகள் ஊர்ந்தன. நாக்கில் எச்சில் ஊறியது. அந்த உடம்பை அவள் வெறுத்தாள்.

பின்னால் தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம்.

நிதானமாகக் கை கழுவும் சத்தம், முழங்கை வரை.

"உள்ள வாயேன்."

திரும்பினாள். தொட்டியருகே ஒரு நர்ஸ் முதுகைக் காட்டி நின்றிருந்தாள். வெள்ளை உடுப்பு, தலையில் வெள்ளைத் தொப்பி. இந்த ஆஸ்பத்திரியில் எல்லோரும் நீலத்துக்கு மாறி வெகு நாளாகிறது. தொப்பி வைப்பவர் யாருமில்லை.

"யாரு நீங்க?"

"சாட்சிக்கு ஆள் வேணும்ல. நான் நிக்கறேன்."

அறையில் ஸ்பிரிட் வாசனையோடு வேறொன்றும் கலந்திருந்தது. நாள்பட்ட புண்ணின் கட்டைப் பிரித்தால் எழும் இனிப்பு வாடை.

"தொட்டியில ஊத்தினதை நான் பாத்தேன்னு சொல்றேன். நீ எடுத்துக்கோ."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள்.

"எனக்குன்னு யாரும் வந்து நிக்கல கண்ணு. உனக்கு நான் நிக்கறேன். எப்பவும் நிக்கறேன்."

அவள் வாசலைத் தாண்டியதாக அவளுக்கு நினைவே இல்லை. ஆனால் குப்பி அவள் கையில் இருந்தது. கண்ணாடி ஜில்லென்று இருந்தது. அதைவிட ஜில்லென்று வேறேதோ அவள் மணிக்கட்டைச் சுற்றி இருந்தது.

ஓடினாள்.

டிரைவரின் கட்டிலருகே கை கழுவும் தொட்டி இருந்தது. "ஐயா! ஐயா, கண்ணைத் திறங்க. நான் என்ன பண்றேன்னு பாருங்க, நல்லா பாருங்க!" குப்பியைக் கவிழ்த்தாள். கடைசித் துளி விழும்வரை உதறினாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

மருந்தின் கிறக்கத்தில் அவர் இமைகளைத் தூக்கினார். "பாத்தேன்மா. ரெண்டு பேரும் ஊத்தினதை நல்லா பாத்தேன்."

"ரெண்டு பேரா?"

"உன் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறாங்களே."

குருவியோடு வந்து சேர்ந்த ஹெட் சிஸ்டர் காலிக் குப்பியைப் பார்த்தார். அவள் கையைப் பார்த்தார். வேலை போயிற்று என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பாப்பாவும் போனாள்.

"யாரு பாத்தாங்க?" என்றார் ஹெட் சிஸ்டர்.

"நான்தாங்க" என்றார் டிரைவர். "இவங்களும், அந்தத் தொப்பி வெச்ச சிஸ்டரும்."

ஹெட் சிஸ்டரின் கை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்தது. பிறகு அவளைத் தனியே அழைத்துப் போய், அதட்டும் குரலெல்லாம் போய்விட்ட ஒரு குரலில் பேசினார்.

"நான் புதுசா சேர்ந்தப்போ ஒருத்தி உன்னை மாதிரியே திரும்பி வந்தா. அவகூட சாட்சி நிக்க நாங்க யாருமே போகல. பயம். அவமேல பழி வந்தா நம்ம மேலயும் வரும்னு. ஒருநாள் அந்த ரூம் உள்பக்கமா தாழ் போட்டிருந்தது. தட்டினோம், தட்டினோம்..."

மருந்து அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தார். "டெஸ்டுக்கு சிறுநீர் மட்டும் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. மத்தது குருவியோட சேத்து நம்ம மூணு பேரோட இருக்கட்டும்."

பரிசோதனையில் எதுவும் இல்லை. வெறும் சுத்தம். ரிசல்டைக் கேட்டுக் குருவிதான் அழுதாள்.

அக்கா கதவைத் திறந்ததும் அவளைக் கூடத்து விளக்குக்குக் கீழே நிறுத்தினாள். நனைந்த சட்டையின் கைகளை முழங்கைக்கு மேலே சுருட்டினாள். இது தினமும் நடப்பதுதான். குழந்தையின் நகத்தைப் பார்ப்பதுபோல, கோபமில்லாமல், பேச்சில்லாமல்.

இடது கை சரி.

வலது முழங்கையின் உள்மடிப்பில் ஒரு துண்டுப் பஞ்சு. அதன்மேல் பிளாஸ்டர். நோயாளி வலியில்லாமல் பிரிக்க வேண்டுமென்று ஓரத்தை அழகாக மடித்துவிட்டிருந்தார்கள்.

அவள் அதை ஒட்டவில்லை. யாரும் ஒட்டவில்லை.

அக்காவின் முகம் வெளுத்தது. பிளாஸ்டரைப் பிரித்தாள். அடியில் தோல் வழவழவென்று இருந்தது. ஒரு புள்ளிகூட இல்லை.

"என்னடி இது? ரத்தம் எடுத்தாங்களா?"

நடந்ததை அப்படியே சொல்லலாம். தொப்பியை, குரலை, மணிக்கட்டின் குளிரை. சொன்னால் அக்கா என்ன நினைப்பாள்? மறுபடி ஆரம்பித்துவிட்டாள் என்றுதானே?

"ஆமாக்கா. டெஸ்டுக்கு."

"அடிப் பாவி, ஒரு நிமிஷத்துல உயிரே போயிடுச்சு." அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "போ, துணியை மாத்து. பாப்பா உன் ரூம்லதான் படுத்திருக்கா. அம்மா வரட்டும் வரட்டும்னு இப்பத்தான் தூங்கினா."

திருந்தி வந்த பிறகு அவள் அக்காவிடம் சொன்ன முதல் பொய் அது. எவ்வளவு சுலபமாக வந்தது என்பதுதான் அவளை உறுத்தியது.

விளக்கைப் போடாமல், சத்தம் போடாமல் மகளின் பக்கத்தில் சாய்ந்தாள். குழந்தை வெதுவெதுப்பாக இருந்தாள். சோப்பு வாசனை. எத்தனை காலம் இதற்காக ஏங்கியிருக்கிறாள்! அந்தச் சின்னக் கையை எடுத்து மெல்லத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள்.

கன்னத்தில் ஏதோ சொரசொரப்பாக உரசியது.

இருட்டிலேயே விரலால் தடவினாள். குழந்தையின் முழங்கை மடிப்பு. ஒரு துண்டுப் பஞ்சு, இன்னும் ஈரமாக. அதன்மேல் பிளாஸ்டர். ஓரம் அழகாக மடித்துவிடப்பட்டிருந்தது.

"வலிக்கவே இல்லம்மா" என்றாள் பாப்பா, கண்ணைத் திறக்காமலே.