பதினேழாம் எண் இணைப்பு

இப்போது இருப்பது நாற்பத்தொரு பள்ளிகள்தான். பதில் நாற்பத்திரண்டு வந்திருந்தது.

ஒருங்கிணைப்பாளர் பேனாவின் பின்முனையால் தாளை மேலிருந்து கீழ்வரை மறுபடி எண்ணினாள். இன்று ஒத்திகை நாள். அவசரக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒவ்வொரு பள்ளியையும் நேரடி இணைப்பில் கூப்பிட்டு, "கேட்குதா?" என்று அவள் கேட்க வேண்டும்; அந்தப் பக்கம் "கேட்குது" என்றதும் ஒரு டிக். காலை முழுக்க அதைத்தான் செய்திருந்தாள். பதினேழாம் எண்ணுக்கு எதிரிலும் டிக் இருந்தது. அவள் போட்டதுதான், அவசரத்தில் வால் நீண்ட டிக். பதினேழாம் எண் பள்ளியை இடித்துத் தரைமட்டமாக்கி ஐந்து மாதம் ஆகிறது.

முதலில் கோபம்தான் வந்தது. இந்த எட்டு மாதமாக அவளுக்கு எதற்கும் கோபம்தான் முதலில் வந்தது. இடித்த பள்ளியைத் தாளிலிருந்து எடுக்கக்கூட இங்கே ஆளில்லை.

மூலையில் ஸ்டூல் மேல் ஏறி நின்று ஏதோ முடுக்கிக்கொண்டிருந்த லைன்காரரைக் கூப்பிட்டாள். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது அவருக்கு. பேச்சும் நடையும் நிதானம்.

"அண்ணே, பதினேழுல யாரோ பேசியிருக்காங்க."

"பதினேழா? அந்தக் கம்பிய நான்தானம்மா வெட்டினேன். ரெண்டு முனையும் கருகிக் கிடந்துது." அவர் பலகையைப் பார்த்தார். பள்ளிக்கு ஒன்றாகச் சின்ன விளக்குகள். பதினேழு அணைந்துதான் இருந்தது. "தூக்கக் கலக்கத்துல போட்டிருப்ப. ஒரு டீ குடி. கீழ பெரிய அதிகாரி வந்திருக்காரு, போட்டோ எடுக்கறாங்க. போய் நில்லு, நீயும் பேப்பர்ல வருவ."

"அந்த ஆள் பக்கத்துல நிக்கறதுக்குப் பதிலா நான் லீவு போட்டுட்டுப் போயிடுவேன்."

அவர் சிரித்துக்கொண்டே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு போனார். வெளியே மழை. ஜன்னல் கண்ணாடியில் மதிய வெளிச்சம் பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி கலங்கி நின்றது.

எட்டு மாதத்துக்கு முன்பு அந்தப் பள்ளியின் ஆய்வகத்தில் தீப்பிடித்தது. அதற்கு முன்பே அவள் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தாள். தீயணைப்புக்கு ஒரு வயர்லெஸ், போலீசுக்கு ஒன்று, ஆம்புலன்சுக்கு ஒன்று என்று இருக்கிறது, ஒருவர் பேசுவது அடுத்தவருக்குக் கேட்பதில்லை, பள்ளிக்கூடத்துக்குக் கடைசியில் யார் பதில் சொல்வது என்று தீர்மானியுங்கள் என்று. மூன்று கடிதமும் இதே அதிகாரியின் மேசையில் தூங்கின. தீ பிடித்த அன்று தண்ணீர் வண்டி பின்கேட்டில் நின்றது. கேட் பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த காவலாளி முன்கேட்டில் போலீசிடம் மாட்டிக்கொண்டு நின்றான். இவள் தலைக்கு மேல் குனிந்து அதிகாரி சொன்னார்: "பிள்ளைங்கள உள்ளயே இருக்கச் சொல்லு. படியில மிதிபட்டுச் சாவாங்க." அவள் அப்படியே இணைப்பில் சொன்னாள். மூன்றாம் மாடி ஆசிரியை சொன்ன பேச்சைக் கேட்டாள். பத்தொன்பது பிள்ளைகளும் கேட்டார்கள்.

'தகவல் பரிமாற்றத்தில் சிறு தாமதம்' என்று விசாரணை அறிக்கை எழுதியது. அதிகாரிக்குப் பதவி உயர்வு வந்தது. சிறு தாமதம். அந்த இரண்டு வார்த்தையை நினைத்தாலே பல்லைக் கடிப்பாள். தாடை வலிக்கும் வரை கடிப்பாள்.

மழை சட்டென்று நின்றது. ஏசியின் உறுமல் நின்றது. கீழே கூடத்தில் ஒலித்த சிரிப்பு மட்டும் தரை வழியாக மெல்ல ஏறி வந்தது. மூக்கில் ஏதோ இடறியது. நனைந்த சாம்பல். அதற்கடியில் சாக்பீஸ் தூள்.

பதினேழு எரிந்தது.

மணி அடிக்கவில்லை. விளக்கு மட்டும், சிவப்பாக, மூச்சு விடுகிற மாதிரி ஏறி இறங்கியது. அவள் ரிசீவரை எடுத்தாள். வெகுதூரத்தில் ஒரு நாற்காலி இழுபட்டது. யாரோ இருமினார்கள், பல பேர் "உஷ்" என்றார்கள்.

"மேடம்." பெண் குரல். வறண்டிருந்தது, ஆனால் மரியாதையாக. "பிள்ளைங்க ரெண்டு ரெண்டா நிக்கறாங்க. சத்தமே போடல. இப்ப வரலாமா?"

"யாரு பேசறது? இதுல விளையாடறதுக்கு உங்களுக்கெல்லாம் கூசல?"

"கோவிச்சுக்காதீங்க மேடம். ரொம்ப நேரமா நிக்கறாங்க. அதான் கேட்டேன்."

இன்னொரு கையால் உள்தொலைபேசியில் கூடத்தைக் கூப்பிட்டாள். "சார், பதினேழு கூப்பிடுது. நீங்க வந்து பேசுங்க."

கூச்சலுக்கு நடுவே அதிகாரியின் குரல் வந்தது. "இன்னைக்கு ஒரு நாளாவது நல்லபடியா போகட்டும்மா. உன் பழைய ஒப்பாரிய நாளைக்கு வச்சுக்கலாம்." வைத்துவிட்டார்.

அவளுக்குள் எதுவோ அறுந்தது. பயத்தை முழுங்கிக்கொண்டு கோபம் எழுந்தது. ரிசீவரை வாயோடு ஒட்டினாள்.

"வாங்க டீச்சர். எல்லாரையும் கூட்டிக்கிட்டு நேரா இங்க வாங்க. கீழ்க் கூடத்துல மாலை போட்டுக்கிட்டு ஒருத்தர் நிக்கறாரு. உங்கள உள்ளயே இருக்கச் சொன்னது அவருதான். அவர விடாதீங்க."

"சரிங்க மேடம்," என்றாள் ஆசிரியை. உடனே ரிசீவர் கனத்தது. அதற்குள் காற்றே இல்லை.

காத்திருந்தாள். வாசலில் காலடிகள் கேட்டன. சின்னக் காலடிகள், ஈரமானவை, ஒரே தாளத்தில். கூடத்துக்குள் நுழைந்தன. இப்போது அலறுவார்கள் என்று அவள் நாற்காலிக் கையைப் பிடித்தாள். அதிகாரி சிரித்தார். யாரோ கை தட்டினார்கள். காலடிகள் அவர்களுக்கு ஊடாக, நிற்காமல், கூடத்தைக் கடந்தன.

படி ஏறின.

"இங்க இல்ல," என்றாள், யாரிடமென்று தெரியாமல். "கீழ. கீழ இருக்காரு."

முதல் மாடித் திருப்பம். ஒரு இருமல். உஷ்.

அப்போதுதான், எட்டு மாதமாகக் கோபத்தைப் போட்டு மூடி வைத்திருந்த அந்த ஒன்று மேலே வந்தது. இணைப்பு தானாக அறுந்துபோனதாக விசாரணையில் சொல்லியிருந்தாள். அறுந்துபோகவில்லை. அன்று நாலு தொலைபேசி ஒன்றாக அலறின. அடுத்ததை எடுக்க இதை வைத்தாள். அந்தப் பக்கம் ஆசிரியை "எப்ப வரணும்னு நீங்களே சொல்லுவீங்கல்ல?" என்று கேட்டுக்கொண்டிருந்தபோதே வைத்தாள். பிறகு மறந்துபோனாள். பதினோரு நிமிடம்.

கதவு திறந்தது.

முன்னால் ஆசிரியை. மூக்கை மூடிய ஈரத் துணிக்கு மேலே கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் கரி. பின்னால் பிள்ளைகள், கை கோர்த்து, இரண்டிரண்டாக. கடைசியில் ஒன்று தனியாக. தள்ளவில்லை. முண்டவில்லை. வரிசை வரிசையாக அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தார்கள். சீருடைகளிலிருந்து கரிய நீர் சொட்டியது.

"கீழ நின்னு ஒவ்வொருத்தர் பேசறதையும் கேட்டோம் மேடம்," என்றாள் ஆசிரியை. "அவரு குரல எங்களுக்குத் தெரியல. உங்க குரல்தான் தெரியுது."

தனியாக வந்த குழந்தை எழுந்துபோய்க் கதவைச் சாத்தியது. எக்கி நின்று தாழ்ப்பாளைப் போட்டது. கதவின் அடியிலிருந்து புகை, மெல்லிசாக, நாக்கு மாதிரி உள்ளே நீண்டது.

அவள் எழுந்தாள். கதவைப் பார்த்தாள். கத்துவதற்கு வாயைத் திறந்தாள்.

பத்தொன்பது பிள்ளைகளும் அவளையே பார்த்தபடி, கற்றுக்கொடுத்தது கற்றுக்கொடுத்தபடியே, வாய் மேல் விரலை வைத்தார்கள்.