பெயர் கரைந்த கல்

மகள் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருக்கும்போதுதான் செத்துப்போன தங்கச்சியின் ஞாபகம் எனக்கு வந்தது. அப்பேர்ப்பட்ட அண்ணன் நான்.

கல்யாணமாகாமல் இறந்த பெண்ணை எங்கள் குடும்பத்தில் எரிப்பதில்லை, புதைப்போம். பிறகு வீட்டில் எந்தக் கல்யாணம் வந்தாலும் முதல் பட்டுப்புடவையும் முதல் முழம் பூவும் அவளுக்குத்தான். தலைமாட்டுக் கல்லில் இருக்கும் பெயரைப் படித்து, மூன்று முறை கூப்பிட்டு, சொம்புத் தண்ணீரில் அவளை வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். பூவாடைக்காரி என்று கும்பிடுவோம்.

ஸ்வர்ணலதா பத்தொன்பது வயதில் மஞ்சள் காமாலையில் போனாள். என் பக்கத்துத் தறியில் உட்கார்ந்து நெய்தவள். அறுந்த இழையை நாக்கில் தொட்டு, ஒரே திருகில் முடிந்துவிடுவாள். அவள் பெயரைத்தான் என் மகளுக்கும் வைத்தேன்.

மத்தியானம் மழை விட்டதும் இடுகாட்டுக்குப் போனேன். முப்பத்தைந்து வருஷத்து வெயிலும் மழையும் அந்தப் பளிங்குக் கல்லைக் கறுக்க வைத்திருந்தன. புளியமரம் சொட்டிய இடமெல்லாம் பாசி. எழுத்துகளின் ஓரம் மழுங்கி, தடவினால் கல் விரலில் வெள்ளை மாவாக ஒட்டியது. வருஷத்துக்கு ஒரு தடவை வந்து துடைத்திருந்தால்கூட இந்தக் கதி வந்திருக்காது. நான் வரவில்லை.

அவசரத்தில் சாயப்பட்டறை ஆசிட்டை ஒரு பாட்டிலில் கொண்டு போயிருந்தேன். சாயச் சட்டியின் கறையே அதில் போய்விடும், பாசி எம்மாத்திரம் என்று நினைத்தேன். ஊற்றிவிட்டுக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன்.

கல் நுரைத்தது.

நுரைக்கு அடியிலிருந்து மெல்லிய சீறல் வந்தது. யாரோ பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுப்பது போல இருந்தது. பயந்துபோய்த் தண்ணீர் விட்டுக் கழுவினேன். கல் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

பெயர் இல்லை.

ஆனால் படையல் அன்று சாயங்காலமே. வெறும் கல்லைப் பார்த்து, "ஸ்வர்ணலதா, வாம்மா" என்று மூன்று முறை கூப்பிட்டேன். சொம்பை எடுத்துக்கொண்டு, வரும் வழியில் கல் வெட்டும் சக்கரவர்த்தியிடம் நடந்ததைச் சொன்னேன்.

"ஆசிட்டா ஊத்துனீங்க?" அவர் உளியைக் கீழே வைத்தார். "பளிங்குங்க அது. மழை அதைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னுகினு இருந்துச்சு. நீங்க ஜல்தியா முழுசும் தின்ன வெச்சுட்டீங்க. வெறும் தண்ணியும் தேங்கா நாரும் போதுமேங்க."

"திரும்ப வெட்டிக் குடுத்துடுங்க."

"காலைல போய்ப் பாக்குறேன். அதுவரைக்கும் பேரில்லாத கல்லாண்ட நின்னு யாரையும் கூப்புடாதீங்க."

என் கையில் இருந்த சொம்பை அவர் கவனிக்கவில்லை. நானும் சொல்லவில்லை.

சாயங்காலம் சொம்பை வைத்து, பூச்சுற்றி, புடவை சாத்திப் படைத்தோம். எல்லாம் முடிந்து பார்த்தால் மகள் மட்டும் அந்தப் புடவைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கம்பெனி பஸ்ஸில் செய்யாறுக்கு வேலைக்குப் போய் வருகிறவள், தறிப் பக்கமே வராதவள். முந்தானையில் தொங்கிய இழைகளை எடுத்தாள். நாக்கில் தொட்டாள்.

ஒரே திருகு.

"யார் உனக்கு இதைச் சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டேன்.

அவள் நிமிராமலே அடுத்த இழையை எடுத்தாள். ஊதுவத்தி வாசனையை மீறி ஈரக்கல் வாசனை அடித்தது.

என் மனைவி ரேணுகாதேவி என்னைச் சமையல்கட்டுக்கு இழுத்துப் போய்க் காதோடு சொன்னாள். "நீங்க சொம்போட உள்ள வந்ததுலேர்ந்து அவ ஒரு மாதிரியா இருக்கா. அம்மான்னு ஒரு வார்த்தை கூப்புடலைங்க."

கல்யாணக் களைப்பு என்று சமாதானம் சொன்னேன். எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

காலையில் சக்கரவர்த்தி போன் செய்தார்.

"இன்னாங்க, ராத்திரியே வேற ஆளை வெச்சு வெட்டிட்டீங்களா? எழுத்தெல்லாம் புதுசா இருக்குது."

"நான் யாரையும் வைக்கலியே."

அவர் குரல் இறங்கியது.

"பேரு சரியாத்தான் இருக்குது. பொறந்த வருஷந்தான் தப்பு. ரெண்டாயிரத்து ஒண்ணுன்னு போட்டிருக்குதுங்க."

அது என் மகள் பிறந்த வருஷம். அதற்குப் பக்கத்தில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பின்னாலிருந்து தோளில் ஒரு கை விழுந்தது. சில்லென்று இருந்தது. மருதாணி வைத்த விரல்கள், நகக்கண்ணில் வெள்ளை மாவு.

"யாருண்ணா போன்ல?" என்றாள் என் மகள்.