லாரி வந்த சேதி

செம்பாக்கத்தில் ஜெரூஷாவின் தெருவுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஆனால் அதில் வில்பிரட் அங்கிள் மட்டும்தான் செய்தி போட முடியும். அவர் செய்து வைத்த ஏற்பாடு அப்படி! தண்ணீர் லாரி வந்தால் டிரைவர் அவரைக் கூப்பிடுவார். அவர் குழுவில் போட்ட பிறகுதான் தெரு குடத்தைத் தூக்கும்.

அன்று சனிக்கிழமை. ஜெரூஷா தெருமுனைக் கடைக்குப் போனபோது லாரி நின்றுகொண்டிருந்தது. ஒரு குடத்தைக்கூடக் காணோம்.

"இன்னா பாப்பா, ஹாரன் அடிச்சாலும் ஒருத்தரும் வரல? உங்க வில்பிரட் சார் போனும் சுவிட்ச் ஆஃப்" என்றார் டிரைவர் மகேஷ். "கொஞ்ச நேரம் பாப்பேன். அப்பால பொழிச்சலூர் போவணும். இனிமே திங்கக்கிழமதான்."

கோடைக்காலம். எல்லார் வீட்டிலும் தொட்டி காலி. காந்தா அக்கா வீட்டிலோ கைக்குழந்தை இருக்கிறது.

"போயிடாதீங்க அண்ணா!" என்று சொல்லிவிட்டு ஜெரூஷா ஓடினாள்.

வில்பிரட் அங்கிள் வீட்டில் பூட்டு தொங்கியது. தெருவோ நீளம். அவள் ஒருத்தியே எல்லாக் கதவையும் தட்டி முடிப்பதற்குள் லாரி கிளம்பிவிடும். சட்டென்று ஒரு யோசனை வந்தது. காந்தா அக்கா வீட்டு மணியை அடித்தாள்.

"அக்கா, தண்ணி லாரி வந்திருக்கு! நீங்க ரெண்டு வீட்ல சொல்லுங்க. அவங்களையும் ஆளுக்கு ரெண்டு வீட்ல சொல்லச் சொல்லுங்க."

"குரூப்ல வரலையே?"

"இப்ப நாமதான்க்கா குரூப்!"

காந்தா அக்கா சிரித்துக்கொண்டே மாடிக்கு ஓடினார். ஜெரூஷா எதிர்வரிசைக்கு ஓடினாள். கார்த்தி வீடு பூட்டியிருந்தது. ஆனாலும் அதற்கு அடுத்த வீட்டுக்குப் பின்சந்து வழியாகச் சேதி போய்விட்டது. சில வீடுகளில் மூன்று பேர் போய்ச் சொன்ன கூத்தும் நடந்தது.

"எத்தனை பேர்தான்பா சொல்வீங்க?" என்று அலுத்துக்கொண்டே சரசு அக்கா குடத்தோடு வந்தார்.

லாரியைச் சுற்றி ஒரே கூட்டம். "சார் மெசேஜ் போட்டாகூட இவ்ளோ சீக்கிரம் வரமாட்டீங்களே!" என்று மகேஷ் வாயைப் பிளந்தார்.

லாரி போன பிறகு வில்பிரட் அங்கிள் தாம்பரத்திலிருந்து வேர்த்து விறுவிறுக்க வந்தார். போனில் சார்ஜ் தீர்ந்திருந்தது.

"ஐயையோ, லாரி வந்துட்டுப் போயிடுச்சா?"

அவர் வாசலில் இருந்த டிரம்மையும் நிரப்பி மூடி வைத்திருந்தார்கள்.

"நான் மெசேஜே போடலையே. யார் சொன்னது?"

"எல்லாரும்தான் அங்கிள்" என்றாள் ஜெரூஷா.

அவர் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு டிரம்மைப் பார்த்தார். உள்ளே போய் போனைச் சார்ஜில் போட்டு, இனி எல்லாரும் குழுவில் எழுதலாம் என்று மாற்றினார்.

உடனே செய்திகள் வந்து குவிந்தன. நன்றிகள், கேலிகள், காந்தா அக்கா குழந்தை குளிக்கும் படம்!

இத்தனை நாளும் தான் எழுதியதை மட்டுமே படித்துவந்த வில்பிரட் அங்கிள், அன்று மாலை முழுக்க மற்றவர்கள் எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.